சிரித்த வீட்டுக்கு வரி

எங்கள் உமரிப்பேட்டையில் வீடுகள் வளர ஆரம்பித்தது ஒரு பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை பத்து பத்தரை இருக்கும், தெப்பக்குளத் தெரு முத்தையா வாத்தியார் வீட்டில் ஒரு பதிவுத் தபாலைக் கொடுத்துவிட்டுத் தபால்காரர் அடுத்த வீட்டுக்குக்கூடப் போயிருக்க மாட்டார், ஆறு வருடமாகப் பரீட்சை எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோன வாத்தியார் மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைப் படித்து வீட்டில் இருந்த நாலு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள், சிரித்த வாயை மூடுவதற்குள் சமையல்கட்டுக்குப் பின்னால் பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை முளைத்திருந்தது. சுவர், தரை, மேலே தளம், கிழக்கே ஒரு ஜன்னல், மின்விசிறி மாட்டக் கொக்கி, காலண்டர் மாட்ட ஓர் ஆணி, எல்லாம் இருந்தது. வயரிங் மட்டும் வரவில்லை. வாத்தியார் வீட்டம்மா அதைத்தான் பெரிய குறையாகத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார்.

அந்த மாதம் முடிவதற்குள் எங்களுக்கு விவரம் பிடிபட்டுவிட்டது. மனசு நிறைந்து சிரித்தால் வீடு வளரும், மனசு கசந்தால் வீடு சுருங்கும், சும்மா பல்லைக் காட்டினால் ஒன்றும் நடக்காது. டிவியில் வரும் காமெடிக்குச் சிரித்து அறை வளர்க்கப் பார்த்தவர்களுக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். பிரசவம் முடிந்து மகள் வந்த வீடு வளர்ந்தது, மீட்க முடியாது என்று கைவிட்ட நகையை மீட்டு வந்த வீடு வளர்ந்தது, மாமியார் ஊருக்குப் புறப்பட்டுப் போன ஒரு வீடு மட்டும் ஏன் வளர்ந்தது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. கல்லூரியிலிருந்து இரண்டு பேர் வந்து மண்ணைத் தோண்டி எடுத்தார்கள், செங்கலைச் சுரண்டி எடுத்தார்கள், மத்தியானம் நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று விசாரித்துச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள், அதற்குப் பிறகு அவர்களைப் பற்றிச் சேதி இல்லை. காரணம் தெரிந்து என்ன ஆகப்போகிறது? எங்களுக்கு இடம் கிடைத்தது. கால் நீட்டிப் படுக்க இடமில்லாத ஊரில் கால் நீட்ட இடம் கிடைத்தது.

பிறகு நகராட்சி விழித்துக்கொண்டது.

எங்கள் மூன்றாவது வார்டுக்குப் பில் கலெக்டர் சங்கரவடிவு. ஐம்பது வயதை ஒட்டிய மனுஷி, ஒத்தை ஆள், லஞ்சம் என்ற சொல்லைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்ளும் ரகம், அளப்பதில் ஓர் அங்குலம் கூட்டவும் மாட்டார் குறைக்கவும் மாட்டார். சித்திரையில் ஒரு தரம், ஐப்பசியில் ஒரு தரம் வீடு வீடாக வந்து டேப்பைப் பிடித்து அளந்து சதுர அடிக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். ஐந்நூறு சதுர அடி வரைக்கும் அடிக்கு மூன்று ரூபாய், ஆயிரம் வரைக்கும் ஏழு ரூபாய், ஆயிரத்தைத் தாண்டினால் பதினைந்து ரூபாய், அதோடு ரேஷன் அரிசியும் உதவித்தொகையும் நின்றுபோகும், ஏனென்றால் அவ்வளவு பெரிய வீட்டில் இருப்பவன் ஏழையாக இருக்க முடியாது என்பது அரசாங்கத்தின் கணக்கு. கடை என்றால் எல்லாம் மூன்று மடங்கு.

நியாயத்தைச் சொல்ல வேண்டும். அந்த முதல் வருடம் வந்த வரிப்பணத்தில் நகராட்சி சாக்கடை கட்டியது, இருபது வருடமாக எரியாத தெருவிளக்கை எரியவைத்தது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் குழாயில் தண்ணீர் வந்தது. அதையெல்லாம் வாங்கிக்கொண்டுதான் நாங்கள் வரியைத் திட்டினோம். வாத்தியார் மகள் கல்யாணத்தில் சொந்தபந்தமெல்லாம் மூன்று நாள் கூடிச் சிரித்ததில் வீடு எட்டு அறையாகி, பின்வீட்டுக் கொல்லையை முட்டி நின்று, ஐப்பசியில் வந்த சீட்டைப் பார்த்து வாத்தியார் கடன் வாங்கி வரி கட்டினார் என்ற சேதி பரவியது பாருங்கள், அன்றைக்குப் பிடித்தது எங்கள் ஊருக்குச் சனி.

அதற்குப் பிறகு உமரிப்பேட்டையில் யாரும் ஓர் இடத்தில் நிம்மதியாக உட்காரவில்லை. போனில் நல்ல செய்தி சொல்ல வேண்டும் என்றால் முதலில் "வீட்டுக்குள்ளயா இருக்கீங்க, வெளிய வாங்க" என்று சொல்லி, அவர் செருப்பை மாட்டித் தெருவுக்கு வரும் வரை காத்திருந்து, அப்புறம் செய்தியைச் சொல்வது வழக்கமாயிற்று. பரீட்சை முடிவு வரும் நாளில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வைத்திருந்த வீடுகளெல்லாம் காலையிலேயே பூட்டிக் கிடந்தன, தாயும் தகப்பனும் தெருவோரத்தில் நின்றார்கள். பெண் பார்க்கும் சடங்கு பேருந்து நிலையத்துக்கு மாறியது. புதுமாப்பிள்ளைகள் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு பக்கத்து ஊர் லாட்ஜுக்குப் போனார்கள், அந்த ஊரில் லாட்ஜ் வைத்திருந்தவர்கள் இரண்டு மாடி கூட்டிக் கட்டினார்கள், அவர்கள் ஊரில் வீடு வளரவில்லை பாருங்கள், பணம் வளர்ந்தது.

ரயிலடிக்கு மேற்கே கருவேலம் மண்டிக் கிடந்த புறம்போக்கு நிலம் இருந்தது. புறம்போக்குக்கு வரி கிடையாது. முதலில் ஒரு குடும்பம் அங்கே போய்ப் பிறந்தநாள் கேக் வெட்டியது, பிறகு நாலு குடும்பம் போனது, ஆறு மாதத்தில் முள்ளெல்லாம் வெட்டப்பட்டு, சாயங்காலமானால் ஊரே அங்கே போய்ச் சிரித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்பியது. டீக்கடை வந்தது, சுண்டல் வண்டி வந்தது, பாய் வாடகைக்கு விடுகிறவன் வந்தான். வீட்டில் பெண்டாட்டியிடம் ஒரு சொல் பேசாதவர்கள் அங்கே பாய்க்கு இருபது ரூபாய் கொடுத்து உட்கார்ந்து கொஞ்சிக்கொண்டிருந்தார்கள். நேரமாயிற்று என்று எழுந்து வீட்டுக்குப் போனால் மறுபடியும் ஊமை.

நான் கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருப்பவன், என் கதையையும் சொல்லிவிடுகிறேன். முன்னெல்லாம் ஒரு கல்யாணச் சீர் வரிசைக்கு ஆர்டர் வந்தால் எனக்கு வாயெல்லாம் பல்லாக இருக்கும். இப்போது ஆர்டர் வந்தால் உடனே செத்துப்போன என் தம்பியை நினைத்துக்கொள்வேன். அவன் கடைசியாக ஆஸ்பத்திரியில் கேட்ட சோடாவை வாங்கிக் கொடுக்காமல் விட்டதை நினைத்துக்கொள்வேன். கடை ஓர் அங்குலம் வளராது. கடைவீதி முழுக்க இதே கதைதான், வாடிக்கையாளரை வாங்க என்று சொல்ல ஆளில்லை, எல்லா வியாபாரியும் எழவு வீட்டில் உட்கார்ந்திருப்பது மாதிரி உட்கார்ந்திருந்தோம், அதைப் பார்த்து வந்தவர்களும் பாதியில் திரும்பிப் போனார்கள். வரி மிச்சம், விற்காத சரக்கும் மிச்சம்.

பிழைத்தது வடக்குத் தெரு பிச்சம்மாள். அந்த அம்மாவின் வாய்க்குப் பயந்து அந்தத் தெருவில் நாய்கூடக் குரைக்காது. அளவெடுக்கும் நாளுக்கு முந்தின நாள் வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டுச் சுவரைச் சுருக்கிக் கொடுப்பதைத் தொழிலாக வைத்துக்கொண்டார். வீட்டுக்கு இருநூறு, கடைக்கு ஐந்நூறு. தாலி கட்டிய நாளிலிருந்து நடந்ததையெல்லாம் விசாரித்து வைத்துக்கொண்டு, எந்தச் சொல்லைச் சொன்னால் யாருக்கு எங்கே வலிக்கும் என்று தெரிந்து சொல்வார், அரை மணி நேரத்தில் நூறு சதுர அடி போகும். ஒரு வீட்டில் அளவு தப்பி அதிகமாகச் சுருங்கி பீரோ வாசல் வழியாக வெளியே வரவே முடியாமல் போனது, அதை அறுத்துத்தான் எடுத்தார்கள். அவர் போட்டுவிட்டுப் போன சண்டைகள் அவர் போன பிறகும் நடந்துகொண்டிருந்தன என்பதைக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை.

இந்த நிலையில்தான் சேர்மக்கனிக்குப் பிள்ளை பிறந்தது.

சேர்மக்கனியின் புருஷன் தவசிமுத்து, பருத்திக் குடோனில் சுமை தூக்குகிறவன், மூட்டையை முதுகில் ஏற்றிவிட்டால் நிமிர்ந்து பார்க்காத ஆள். என் கடைக்கு எதிர்ச் சந்தில் இருநூற்றுப் பத்து சதுர அடியில் ஓட்டு வீடு, ஓர் அறைதான், அதற்குள்தான் அடுப்பு, சாமி படம், கட்டில் எல்லாம். பதினோரு வருடம் பிள்ளை இல்லை. ஊரே வளர்ந்த நாளில் வளராத ஒரே வீடு அது, சங்கரவடிவு உள்ளே போய் அளக்காமலே பழைய அளவை எழுதிவிட்டுப் போகும் ஒரே வீடும் அதுதான். ஆடி மாதத்தில் பெண் பிள்ளை பிறந்து, அனுசியா என்று பேர் வைத்து, துணியில் சுற்றி வீட்டுக்குள் கொண்டுவந்த அன்று புருஷனும் பெண்டாட்டியும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஓடு தானாகச் சரிந்து விரிந்து முன்னூற்று முப்பது அடியானது. அவர்களுக்கு அது நாலு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

முன்னூற்று முப்பதைச் சமாளித்துவிடலாம். ஆனால் கார்த்திகையில் பிள்ளை சிரிக்க ஆரம்பித்தது.

பெரியவர்களுக்குச் சொல்லி வைக்கலாம், கைக்குழந்தைக்கு யார் சொல்வது? பல்லி ஓடினால் சிரித்தது, கரண்டி கீழே விழுந்தால் சிரித்தது, ஓட்டு இடுக்கில் வெயில் விழுந்தால் சிரித்தது. தவசிமுத்து குடோனிலிருந்து வந்து தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, முகத்தை மூடி, திறந்தால் போதும், வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பில் கள்ளமில்லை, அதனால் ஒவ்வொரு சிரிப்புக்கும் சுவர் நகர்ந்தது. கிழக்கே ஒரு அறை, தெற்கே ஒரு அறை, என்ன செய்வதென்று தெரியாமல் நடுவில் ஒரு கூடம். தை பிறந்தபோது அறுநூறு. மாசியில் எழுநூற்று நாற்பது. பங்குனி கடைசியில் எண்ணூற்றுப் பத்து. பாத்திரம் நாலும் பாய் இரண்டும் உள்ள குடும்பம், வீடோ தாலுகா ஆபீஸ் மாதிரி நின்றது. சேர்மக்கனி ஒரு மூலையில் சமைத்து ஒரு மூலையில் படுத்து மீதி இடத்தையெல்லாம் பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள். ஆயிரத்தைத் தொட்டால் அரிசி நின்றுவிடும். கட்ட முடியாவிட்டால் வீட்டைச் சீல் வைப்பார்கள், கைப்பிள்ளையோடு தெருவில் நிற்க வேண்டும்.

புருஷனும் பெண்டாட்டியும் தாங்களே சண்டை போட்டுப் பார்த்தார்கள். அவன் சாப்பாட்டில் உப்பில்லை என்றான், அவள் மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். அதோடு முடிந்தது அவர்கள் சண்டை. வேறு வழியில்லாமல் சித்திரை அளவுக்கு முந்தின நாள் பிச்சம்மாளைக் கூப்பிட்டார்கள், ஏழை வீடு என்று அந்த அம்மாவும் நூறு ரூபாய்க்கு ஒத்துக்கொண்டார்.

நான் கடையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கப் போனேன், அதைச் சொல்ல வெட்கமில்லை, பாதித் தெரு அங்கேதான் நின்றது. பிச்சம்மாள் முந்தானையை இடுப்பில் செருகி, கூடத்தின் நடுவில் நின்று, கையை ஆட்டி, தவசிமுத்துவின் கையாலாகாத்தனத்திலிருந்து ஆரம்பித்து, பதினோரு வருடம் மலடி என்று ஊர் பேசியதையெல்லாம் எடுத்துவிட்டார். சேர்மக்கனிக்குக் கண் நிறைந்தது. கிழக்குச் சுவர் ஒரு சாண் உள்ளே வந்தது. அந்த நேரம் பார்த்து, தொட்டிலில் உட்கார்ந்து பிச்சம்மாளின் கையையும் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை, இது தனக்காக ஆடப்படுகிற ஆட்டம் என்று முடிவு செய்து, இரண்டு கையையும் தட்டிச் சிரித்தது. பிச்சம்மாள் இன்னும் சத்தம் போட்டார். பிள்ளை இன்னும் சிரித்தது. ஒரு கட்டத்தில் பிச்சம்மாள் வசவின் நடுவில் வாய் கோணி, தரையில் உட்கார்ந்து, அந்த அம்மா சிரித்து நாங்கள் பார்த்ததே இல்லை, தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். வடக்குப் பக்கம் ஒரே மூச்சில் நூற்றைம்பது அடி வளர்ந்தது. நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பிள்ளைக்கு முத்தம் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் சங்கரவடிவு அளந்தார். தொள்ளாயிரத்து அறுபது. ஆறாயிரத்து எழுநூற்று இருபது ரூபாய். எழுதுவதற்கு முன்னால் டேப்பை இன்னொரு தரம் பிடித்து அளந்து பார்த்தார் என்று சேர்மக்கனி பிறகு சொன்னாள். குறைத்து எழுத அவருக்குத் தெரியாது, எழுதாமல் போகவும் தெரியாது. அவள் கம்மலைக் கழற்றி விற்றுத்தான் கட்ட வேண்டியிருக்கும் என்பது அவருக்கும் தெரிந்தது. சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, வாசல்வரை போனவர் திரும்பி வந்து, சட்டத்துக்கு உட்பட்டுத் தன்னால் செய்ய முடிந்த ஒரே உதவியைச் செய்தார்.

"ஏம்மா கனி, நான் அளக்கிறது வாசப்படிக்கு உள்ள மட்டுந்தான். பிள்ளைக்குச் சிரிப்பு வந்தா உடனே தூக்கிட்டு வெளிய போயிரு. வெளிய எவ்வளவு வேணாலும் சிரிக்கட்டும். அதை ஒரு பழக்கமா ஆக்கிட்டா உனக்குக் கஷ்டமில்ல."

நல்ல யோசனை. நாங்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னோம், எங்கள் வீட்டிலெல்லாம் அதுதான் நடந்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து சேர்மக்கனிக்கு இரண்டு கண்ணும் பிள்ளையின் உதட்டில்தான். உதட்டின் ஓரம் லேசாகச் சுருங்கினால் போதும், அடுப்பில் என்ன தீய்ந்தாலும் போட்டது போட்டபடி பிள்ளையை இடுப்பில் தூக்கி வாசற்படியைத் தாண்டி ஓடுவாள், தெருவில் போய் நின்றபின் பிள்ளை சிரிக்கும், சிரித்து முடிந்ததும் உள்ளே வருவாள், உட்காருவாள், மறுபடி உதடு சுருங்கும், மறுபடி ஓடுவாள். ஒரு நாளைக்கு நாற்பது தரம், ஐம்பது தரம். தாமதமாகி உள்ளேயே சிரித்துவிட்டால் அந்தச் சின்ன வாயை உள்ளங்கையால் பொத்துவாள். அடிக்கவில்லை, ஒரு நாளும் அடிக்கவில்லை. பொத்தினாள், அவ்வளவுதான்.

தவசிமுத்துதான் பெரிய சங்கடம். அவன் முகத்தைப் பார்த்தாலே பிள்ளை சிரித்தது. துண்டை அவிழ்க்காமல் பார்த்தான், சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்தான், அந்த முதுகைப் பார்த்தும் பிள்ளை சிரித்தது. வைகாசியில் ஒரு நாள் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு அவன் பெண்டாட்டியிடம் சொன்னான்.

"நான் உள்ள வந்தா அவ சிரிப்பா கனி. ஆயிரத்தைத் தொட்டுட்டா நம்மளால முடியாது. நான் குடோன்லயே படுத்துக்கிறேன். சாயங்காலம் வந்து சந்துல நிக்கேன், நீ வெளிய கூட்டிட்டு வா, பாத்துட்டுப் போறேன்."

அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் இருந்திருப்பான், அதை அவள் பிறகு எத்தனையோ தரம் என் கடை வாசலில் நின்று சொல்லியிருக்கிறாள். அன்றைக்கே வீடு நூறு அடி சுருங்கியது.

ஐப்பசியில் சங்கரவடிவு வந்து அளந்தபோது எழுநூறு. அடுத்த சித்திரையில் நானூற்று இருபது. அதற்கடுத்த ஐப்பசியில் முன்னூறு, எல்லாம் பிச்சம்மாள் இல்லாமலே, தானாக. சங்கரவடிவுக்கு ரொம்பச் சந்தோஷம், வெளியே வந்துதான் சொன்னார், இந்த வார்டிலேயே நல்ல பிள்ளை இதுதான், தாய் சொன்னதை எவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்டது என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போனார். உண்மைதான். நடக்கப் பழகியதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. சிரிப்பு வந்தால் உதட்டை இறுக்கி மூடி, கன்னம் உப்ப, தானே தட்டுத்தடுமாறி ஓடி, வாசற்படியைக் கையூன்றித் தாண்டி, தெருவில் போய் நின்று சிரிக்கும். எதிரே யாரும் இருக்க மாட்டார்கள். தனியாக நின்று சிரித்துவிட்டு, முடிந்ததும் உள்ளே போகும். என் கடையிலிருந்து பார்த்தால் தெரியும். முதலில் அழகாக இருந்தது. பிறகு நான் அந்தப் பக்கம் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

இதற்குள் நகராட்சிக்கு நடுக்கம் வந்துவிட்டது. வளர்ந்த வீடெல்லாம் சுருங்கிப் போய், வசூல் பழைய வசூலில் பாதிக்கு வந்து நின்றது, தெருவிளக்கு மறுபடி அணைந்தது, சாக்கடை அடைத்தது, தண்ணீர் எட்டு நாளைக்கு ஒரு தரம் ஆனது. மக்கள் வீட்டுக்குள் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று ஆணையர் கையெழுத்துப் போட்ட நோட்டீஸ் ஒட்டினார்கள். மகிழ்ச்சி வாரம் என்று ஒன்று கொண்டாடி, இலவசமாகப் பாட்டுக் கச்சேரி வைத்தார்கள், எல்லோரும் போய் மைதானத்தில் உட்கார்ந்து நன்றாக ரசித்துச் சிரித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம், ஒரு சதுர அடி வளரவில்லை. புறம்போக்கில் நுழைவுக் கட்டணம் போட்டார்கள், நாங்கள் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தோம். சிரிக்கிற வீட்டுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி என்றார்கள், அப்படியானால் மீதித் தொண்ணூறு யார் கட்டுவது என்று கேட்டோம். எல்லா வழியும் அடைபட்ட பிறகு, நாலாவது வருடம் தை மாதத்தில், வளர்ந்த பகுதிக்கு வரியே கிடையாது, வீடு கட்டிய நாளில் என்ன அளவோ அந்த அளவுக்குக் கட்டினால் போதும் என்று ஆணை வந்தது.

சங்கரவடிவு அந்த ஆணையை முதலில் கொண்டுபோனது சேர்மக்கனி வீட்டுக்குத்தான். ஆபீஸிலிருந்து வெயிலில் நடந்தே வந்தார், வழியில் குடோனில் புகுந்து தவசிமுத்துவுக்கும் சொல்லிக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். அவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. தெருவில் சேதி பரவி நாங்களெல்லாம் அவரவர் வாசலில் நின்றோம், யாருக்கும் உள்ளே போய்ச் சிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை, அந்த வீட்டில் முதலில் நடக்கட்டும் என்று பார்த்தோம். அந்த வீடு அப்போது நூற்றுத் தொண்ணூறு அடி. அவர்கள் குடிவந்த நாளில் இருந்ததைவிட இருபது அடி கம்மி.

சங்கரவடிவு ஆணையை வாய்விட்டு வாசித்தார். கேட்டு முடித்ததும் சேர்மக்கனி பிள்ளையைப் பிடித்து மடியில் போட்டாள். இரண்டரை வயது நிறைந்த பிள்ளை. வயிற்றில் வாயை வைத்து ஊதினாள், அக்குளில் விரலை ஓட்டினாள். பிள்ளை உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு, முகம் சிவக்க நெளிந்து, மடியிலிருந்து நழுவி, சங்கரவடிவின் சேலையை விலக்கிக்கொண்டு வெளியே ஓடியது. தவசிமுத்து சந்தில்தான் நின்றிருந்தான், உள்ளே வாருங்கள் என்று மூன்று தரம் கூப்பிட்டும் அவனுக்குப் படி ஏறக் கால் வரவில்லை. பிள்ளை அவன் காலடியில் நின்று சிரித்து முடித்தது. அப்புறம் வாயைப் புறங்கையால் துடைத்துவிட்டு உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தது.

"இனிமே உள்ளயே சிரிக்கலாம்டா. அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள் சேர்மக்கனி.

பிள்ளை இல்லை என்று தலையாட்டியது. இன்னொரு தரம் கிச்சுக்கிச்சு மூட்டினாள், இன்னொரு தரம் ஓடிப்போய்த் தெருவில் சிரித்துவிட்டு வந்தது. சங்கரவடிவு கதவைச் சாத்திப் பார்க்கலாமா என்று கேட்டு, கேட்ட உடனே தானே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டார். அவர் கையில் இருந்த ஆணை கசங்கிப் போயிருந்தது. நான்தாம்மா சொன்னேன், நான்தானே சொன்னேன் என்று இரண்டு தரம் முனகினார்.

கடைசியில் சேர்மக்கனிக்கு ஒரு வழி தோன்றியது. பிள்ளைக்குச் சொன்னால் புரியாது, செய்து காட்டினால் புரியும். பாயில் பிள்ளைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்த முகத்தையே பார்த்தாள், பதினோரு வருடம் கழித்துக் கிடைத்த முகம், இரண்டு வருடமாகப் பயந்து பயந்து பார்த்த முகம், பார்க்கப் பார்க்க அவளுக்கு உள்ளேயிருந்து நிஜமாகவே வந்தது, வீட்டுக்குள், சாமி படத்துக்குக் கீழே, வாயைத் திறந்து சிரித்தாள். கிழக்குச் சுவர் கரகரவென்று நகரும் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

பிள்ளைக்கும் கேட்டது. முகம் வெளுத்துப் போனது. பாய்ந்து வந்து இரண்டு உள்ளங்கையாலும் தாயின் வாயைப் பொத்தியது. பொத்திய கையை எடுக்காமல், உஸ் உஸ் என்று சொல்லிக்கொண்டே அவளை எழுப்பி, அவள் எழுந்ததும் வாய்க்குக் கை எட்டாமல் போகவே சேலையைப் பிடித்து முழுப் பலத்தோடு இழுத்து, சங்கரவடிவைத் தாண்டி, படியைத் தாண்டி, தகப்பனைத் தாண்டி, நடுத்தெருவுக்குக் கொண்டுவந்து நிறுத்தியது.

"இங்க சிரிம்மா" என்றாள் அனுசியா. "இப்பச் சிரி."

நாங்கள் ஒரு தெருவே பார்த்துக்கொண்டிருந்தோம். சேர்மக்கனி எங்களைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், கீழே அண்ணாந்து காத்துக்கொண்டிருந்த முகத்தைப் பார்த்தாள். பிள்ளை பயப்படக் கூடாதே என்று சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டக் கொட்ட, பிள்ளை போதும் என்று சொல்லும் வரைக்கும் சிரித்தாள். அவள் நிறுத்தியதும் பிள்ளை தன் கவுனைத் தூக்கி அவளைக் குனியச் சொல்லி வாயைத் துடைத்துவிட்டது, நன்றாக மூடியிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தது, பிறகு கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனது.